பூங்கொடி கொண்டுவந்த முடிவு

அத்தியாயம் 17

ரயிலடியில் அப்பா பெட்டியை வாங்கிக்கொண்டு, “என்னம்மா, நிச்சயத்துக்கு லீவு கெடைக்காதுன்னு போன்ல சொன்னியே?” என்று கேட்டபோதே பூங்கொடி சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. “கெடைச்சிட்டுப்பா” என்று மட்டும் சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

ஐதராபாத்திலிருந்து வழிநெடுக அவள் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தது ஒரே ஒரு வாக்கியம்தான். தங்கை செல்வியின் ரத்தத்திலும் அது இருக்கிறது.

அது என்றால், தம்பி மணிகண்டபிரபுவை மண்ணுக்குள் வைத்த நோய். ஓடுகிற பிள்ளை நடக்க ஆரம்பிக்கும். நடக்கிற பிள்ளை உட்கார்ந்துவிடும். உட்கார்ந்த பிள்ளைக்குக் கை தூக்க முடியாமல் போய், கடைசியில் மூச்சு விடுகிற தசையும் ஓய்ந்துவிடும். பதினாறு வயதில் போனான் மணி. அதன் அடுத்த வருஷம்தான், எங்கோ கடல் தாண்டிய தேசத்தில், அந்த நோய்க்குக் காரணமான மரபணுவைக் கண்டுபிடித்தார்கள்.

அப்போது பூங்கொடி பெங்களூரில் ஆராய்ச்சி மாணவி. நூலகத்தில் அந்தக் கட்டுரையை விளக்கணைக்கிற வரைக்கும் திரும்பத் திரும்பப் படித்தாள். மறுநாளே தன் ஆராய்ச்சியை மாற்றிக்கொள்ள வேண்டும் என்று கேட்டுப் பேராசிரியர் முன்னால் நின்றாள். இரண்டு வருஷ வேலை வீணாகும் என்றார் அவர். ஆகட்டும் என்றாள்.

இன்று அவளுக்கென்று ஐதராபாத்தில் ஓர் ஆய்வுக்கூடம் இருக்கிறது. நடக்கத் தடுமாறுகிற பையன்களைத் தோளில் தூக்கிக்கொண்டு எந்தெந்த ஊரிலிருந்தோ தாய்மார்கள் வருகிறார்கள். அவர்களுக்கு முடிவைச் சொல்லிச் சொல்லி அவளுக்கு ஒரு குரல் பழகியிருந்தது. தாழ்ந்த, நிதானமான குரல். அந்தக் குரல் இன்று காலையிலிருந்து அவளுக்கு வரவேயில்லை.

ஆட்டோ தீப்பெட்டி ஆபீஸ் சந்துக்குள் திரும்பியதும் வாசலில் கட்டியிருந்த வாழை மரம் தெரிந்தது. ஆவணி வெயில் அதற்குள் இலையைச் சுருட்டியிருந்தது.

---

வீடும், குச்சியில் மருந்து முக்கித் தீப்பெட்டி செய்கிற அப்பாவின் ஆபீஸும் ஒரே காம்பவுண்டுக்குள். இன்று வேலைக்கு லீவு. ஆனாலும் மெழுகு வாடையும் மருந்து வாடையும் எங்கே போகும்? சமையலறை வரைக்கும் வந்து கேசரி வாசத்தோடு கலந்து நின்றது.

அம்மா இசக்கியம்மாளை இத்தனை சுறுசுறுப்பாகப் பார்த்து எவ்வளவோ காலமாகிவிட்டது. மணி போன பிறகு நல்ல சேலை கட்டாதவள், இன்று அரக்குப் பட்டில் நின்றாள். செல்விக்கு வாய்த்த மாப்பிள்ளை அப்படி. கயத்தாறு மெயின் ரோட்டில் டயர் கடை. கெட்ட பழக்கம் எதுவும் கிடையாது. செல்வி கணக்கு டீச்சராக வேலைக்குப் போவதிலும் அவனுக்கு ஆட்சேபணை இல்லை.

“நாலு மணிக்கு வேன் வந்துரும். நீ ஏம்ட்டி சாமி பார்த்தவ மாதிரி நிக்க? குளிச்சிட்டு வா” என்றாள் அம்மா.

அப்பா பூவனநாதன், நிச்சயத் தட்டைக் கூடத்துக்கு எடுத்துப் போகலாம் என்று குனிந்தார்.

“அதத் தொடாதீய!”

அப்பா கையை எடுத்துக்கொண்டார்.

“உங்க கை பட்ட காரியம் எது வெளங்கியிருக்கு? வாசல்ல நின்னு வாரவியள வாங்கன்னு சொல்லுங்க. அது போதும்.”

“சரி, சரி” என்றபடி அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

இந்தக் கோபத்துக்கு வயசு மணியின் வயசு. ஆபீஸுக்குக் கொட்டகை போட்டபோது மனை மூலையில் கிடந்த பழைய இசக்கியம்மன் பீடத்தைப் பெயர்த்துச் சுவருக்கு அந்தப் பக்கம் வைத்தார் அப்பா. மறு வருஷம் மணி பிறந்தான். பிள்ளை விழுந்து விழுந்து எழுந்தபோது அம்மாவுக்குக் காரணம் கிடைத்துவிட்டது. அன்று முதல் அவள் அவரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தியவள்தான், இறக்கவேயில்லை. அப்பாவும் வருஷம் தவறாமல் பொங்கலிட்டார், கிடா வெட்டினார், ஏச்சு வாங்கினார்.

ஆனால் அப்பாவுக்கு உண்மை தெரியும். பூங்கொடியே சொல்லியிருக்கிறாள். பெங்களூரிலிருந்து வந்த ஒரு லீவில், தீக்குச்சிகள் செருகிய சட்டங்கள் அடுக்கியிருந்த கொட்டகையில் வைத்து, “இது அம்மா வழியா வாரதுப்பா. அம்மாவோட அண்ணன் சோலைமுத்து மாமா செத்ததும் இதுலதான். பீடத்துக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல” என்று எல்லாவற்றையும் விளக்கினாள். அப்பாவின் முகத்தில் ஒரு பாரம் இறங்கும் என்று எதிர்பார்த்தாள்.

அவர் வெகுநேரம் சட்டத்தைத் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு, “ஒங்கம்மாகிட்ட சொல்லிராதம்மா. என்னை ஏசிக்கிட்டாவது நடமாடுதா. தன்னாலதான்னு தெரிஞ்சா அவ இருக்க மாட்டா” என்றார்.

அதோடு சரி. அப்புறம் அவர் அந்தப் பேச்சை எடுக்கவேயில்லை.

---

மொட்டை மாடியில் செல்வி தலையை ஆற்றிக்கொண்டிருந்தாள். தூரத்தில், உழுது போட்ட கரிசல் காடு மழைக்குக் காத்துக் கிடந்தது. அனல் காற்று.

அக்காவைப் பார்த்ததும் செல்வி முடியை ஒரு பக்கமாக ஒதுக்கினாள்.

“பார்த்துட்டியாக்கா?”

“எதை?”

“என் ரத்தத்தை.”

சித்திரை விடுமுறையில் ஐதராபாத் வந்திருந்தபோது, செல்வியே கையை நீட்டிக் கொடுத்த ரத்தம் அது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு மணியின் உடம்பிலிருந்து ஏதாவது வேண்டியிருந்தது. அவனோ போய்ச் சேர்ந்து எவ்வளவு காலமாயிற்று! பூங்கொடிக்கு அம்மா சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்த வெள்ளித் தாயத்து ஞாபகம் வந்தது. அதற்குள் மணியின் காய்ந்த தொப்புள்கொடி. தம்பி ஞாபகமாகக் கேட்கிறாள் என்று நினைத்து அம்மா அழுதுகொண்டே எடுத்துக் கொடுத்தாள். அதில் ஒரு துணுக்கு போதுமானதாக இருந்தது. மரபணுவில் எந்த இடத்தில் பிழை என்று தெரிந்துவிட்டது.

அதே பிழையைப் பூங்கொடி முதலில் தேடியது தன் ரத்தத்தில்தான். இல்லை என்று வந்தது.

அன்று மத்தியானம் அவள் சாப்பிடப் போகவில்லை. பெங்களூரில் கூடப் படித்த விளாத்திகுளத்துத் தங்கச்சாமி, கட்டிக்கொள்ளலாம் என்று கேட்டபோது காரணம் சொல்லாமலே வேண்டாம் என்றவள் அவள். தன் வயிற்றில் இன்னொரு மணி பிறந்துவிடுவான் என்ற பயம். தங்கச்சாமி இப்போது வெளிநாட்டில், இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். இவளுக்கு முப்பத்தாறு. பயந்ததற்குக் காரணமே இல்லை என்று ஆய்வுக்கூடம் இப்போதுதான் சொல்கிறது.

எனக்கு இல்லாதது செல்விக்கும் இருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டுதான் அடுத்த சோதனையைச் செய்தாள்.

“இன்னும் முடியல செல்வி. மெஷின் ரிப்பேரு.”

“மெஷின் ரிப்பேருன்னா நீ மெஷின் பக்கத்துலல்லா உக்காந்திருப்ப? இங்கன வந்திருக்க மாட்டியே.”

பூங்கொடி கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். சுவர் சுட்டது.

“இருக்குட்டி. மூணு தடவ பார்த்துட்டேன்.”

செல்வி காய்ந்துவிட்ட முடியை மறுபடியும் விரலால் கோதினாள்.

“எனக்குக் காலு போயிருமா?”

“ஒனக்கு ஒண்ணுமே ஆகாது. பொம்பளைக்கு அந்த மரபணு ரெண்டு இருக்கு. ஒண்ணு கெட்டாலும் இன்னொண்ணு தாங்கிக்கிடும். ஆம்பளைக்கு ஒண்ணே ஒண்ணுதான்.”

“எனக்குப் பையன் பொறந்தா?”

“ரெண்டுல ஒண்ணு.”

“காசைச் சுண்டிப் போட்டு இதத்தான் பிள்ளையளுக்குச் சொல்லிக்குடுக்கேன். பூவா தலையான்னு.” செல்வி சிரிக்க முயன்றாள். வரவில்லை.

“வயித்துல இருக்கும்போதே பார்த்திரலாம் செல்வி. அதுக்குத்தான் நான் இத்தனை வருசமா...”

“பார்த்துட்டு?”

பூங்கொடி சுவரிலிருந்து கையை எடுத்தாள்.

“மணி அண்ணனையும் அப்படிப் பார்த்திருந்தா, வேண்டாம்னு சொல்லியிருப்பியா?”

“செல்வி!”

“இல்லக்கா, கேக்கேன். ஒனக்கு அவன் நோயாளி. நீ ஆஸ்டல்ல இருந்த. நான்தான அவன் கூடக் கெடந்தேன்? பேனா பிடிக்க முடியாம வாயாலயே கணக்குச் சொல்லுவான், நான் எழுதுவேன். தப்பாப் போட்டா கண்ணாலயே அடிப்பான். அவன் இல்லன்னா நான் கணக்கு டீச்சரா?” அவள் குரல் உடைந்தது. “அவன் மூச்சுக்குத் தவிச்சதையும் நான்தான் பார்த்தேன். அதனால எனக்கு எந்தப் பக்கமும் சொல்லத் தெரியலக்கா.”

பூங்கொடி அவளைப் பிடித்து அணைத்துக்கொண்டாள். அவள் பிடரியில் சீயக்காய் வாசம் அடித்தது.

செல்வி விலகி முகத்தைத் துடைத்தாள். “அவியகிட்ட சொல்லணும். தட்டு மாத்துறதுக்கு முன்னாடி.”

“என்னத்தச் சொல்லணும்?”

மாடிப்படியின் கடைசிப் படியில் அம்மா நின்றுகொண்டிருந்தாள். கையில் வாழையிலையில் சுற்றிய பூப்பந்து. எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை. அவள் முகத்தைப் பார்த்தால், தேவையான அளவு நேரம் நின்றிருக்கிறாள் என்றே பட்டது.

“ரெண்டு பேரும் வாயத் தொறக்கப்படாது. சொல்லிட்டேன். கழுத்துல தாலி ஏறட்டும். பொறவு என்ன இழவும் பேசிக்கிடுங்க.”

“ஏமாத்தி எப்படிம்மா...” என்று ஆரம்பித்தாள் செல்வி.

“எல்லாம் உங்கப்பன் பண்ணின பாவம். மகனைக் கொண்டுபோயும் அந்த இசக்கிக்கு ஆத்திரம் அடங்கல, மக தலையிலயும் எறங்கிட்டா. அவருக்கு இருந்ததுதான இவளுக்கு வந்திருக்கு? சொல்லுட்டி பூங்கொடி, நீதான படிச்சவ?”

ஆமாம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். அப்பா கேட்டுக்கொண்டதும் அதைத்தான். பூங்கொடி வாயைத் திறந்தாள். அதற்குள் செல்வி, கரும்பலகையில் கணக்குப் போடுகிறவளைப் போல யோசிக்காமல் சொல்லிவிட்டாள்.

“அப்பாவுக்கு எப்படிம்மா இருக்கும்? ஆம்பளைக்கு ஒண்ணே ஒண்ணுதான. இருந்தா அப்பாவுக்கே காலு போயிருக்கும்லா?”

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவளுக்குப் புரிந்தது. கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அம்மா அப்படியே படியில் உட்கார்ந்தாள். பூப்பந்து மடியில் கிடந்தது.

“சோலைமுத்து அண்ணன்...” என்றாள். “அவனும் பதினஞ்சு வயசுல... எங்கம்மை இடுப்புலயே தூக்கிக்கிட்டு அலைவா.” அப்புறம் நிமிர்ந்து மூத்த மகளைப் பார்த்தாள். “எங்கிட்ட இருந்தா வந்துது?”

பூங்கொடி அவள் காலடியில் உட்கார்ந்தாள். ஐதராபாத்தில் எத்தனை தாய்மார்களுக்குச் சொல்லியிருக்கிறாள், இது யார் குற்றமும் இல்லை என்று. அவர்களில் எத்தனை பேர் அதை நம்பினார்கள் என்று இப்போதுதான் யோசித்தாள்.

“இதுல ஒன் தப்பு ஒண்ணும் இல்லம்மா. நீ தெரிஞ்சா குடுத்த?”

“ஒனக்கு எப்பத் தெரியும்?”

“ரொம்ப வருசமா.”

“உங்கப்பாவுக்கு?”

பூங்கொடி தரையைப் பார்த்தாள்.

“அவியளுக்குமா தெரியும்?”

“நீ தாங்க மாட்டேன்னு... சொல்ல வேண்டாம்னுட்டாவ.”

அம்மா அழவில்லை. அழுதிருந்தால் பூங்கொடிக்கு அத்தனை பயமாக இருந்திருக்காது. சுவரைப் பிடித்து எழுந்து, ஒவ்வொரு படியாகக் கால் வைத்துக் கீழே இறங்கிப் போனாள். பூப்பந்து படியிலேயே கிடந்தது.

தெருவில் வேன் ஹாரன் சத்தம் கேட்டது.

---

மாப்பிள்ளையின் தகப்பனார் குருசாமி, மனசில் எதையும் வைத்துக்கொள்ளாத மனுஷர். கல்யாணப் பெண்ணே வந்து மாப்பிள்ளையோடு தனியாகப் பேச வேண்டும் என்று கேட்டபோது கூடத்தில் ஒரு சலசலப்பு எழத்தான் செய்தது. அவர்தான் சிரித்துக்கொண்டே, “பேசட்டும் அண்ணாச்சி. நம்ம காலம் மாதிரியா? கூட அக்கா போறாள்லா?” என்று அனுப்பி வைத்தார்.

கொட்டகைக்குள் குச்சிச் சட்டங்கள் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. மாப்பிள்ளை செல்லத்துரை புதுச் சட்டை அழுக்காகாமல் ஒதுங்கி நின்றான். செல்வி எதையும் சுற்றி வளைக்கவில்லை. மணியைப் பற்றிச் சொன்னாள். தன் ரத்தத்தைப் பற்றிச் சொன்னாள்.

அவன் முழுவதையும் கேட்டுவிட்டுப் பூங்கொடியிடம் திரும்பினான். “இவியளுக்கு ஒண்ணும் ஆகாதுல்லா மதினி?”

“ஆகாது.”

“அப்புறம் என்ன?”

செல்வியின் முகத்தில் சட்டென்று ஒரு வெளிச்சம் வந்தது. பூங்கொடி அதைப் பார்த்தாள். அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் பாதி உண்மையைச் சொல்லிவிட்டு எழுந்து போகிற வழக்கம் அவளுக்கு இல்லை. பையன் பிறந்தால் என்ன, பெண் பிறந்தால் என்ன, மூன்றாம் மாதத்தில் என்ன சோதனை, அதில் தெரிந்தால் அடுத்து என்ன என்று எல்லாவற்றையும் சொன்னாள்.

செல்லத்துரை சட்டத்திலிருந்து ஒரு குச்சியை உருவி ஒடித்தான். “எங்கம்மாவுக்கு நான் ஒரே பையன். தொட்டிலுக்குக் கட்டையே பார்த்து வச்சிட்டாவ.” இன்னொரு குச்சி. “பிள்ளையே வேண்டாம்னு இருந்துருவமா?”

“இருப்பியளா?” என்று கேட்டாள் செல்வி.

அவன் அவளைப் பார்த்தான். இருப்பேன் என்று சொல்லத்தான் அவனுக்கு ஆசை. அது பூங்கொடிக்கே தெரிந்தது. ஆனால் அவன் வாயில் வந்தது வேறு.

“அப்பாகிட்ட ஒரு வார்த்தை பேசிட்டு வாரேன்.”

அவன் போன பிறகு செல்வி கீழே கிடந்த ஒடிந்த குச்சிகளைப் பொறுக்கி எடுத்து ஒரு ஓரமாகப் போட்டாள்.

---

ஒரு வார்த்தை என்று போனது, பூட்டிய அறைக்குள் அரை மணி நேரம் நீண்டது. குருசாமி வெளியே வந்தபோது சிரிப்பு இல்லை.

“அண்ணாச்சி, தப்பா நெனைக்காதீய. இன்னைக்கு வேண்டாம். பொறவு ஒரு நாள் பார்த்துக்கிடுவோம்.”

அவர் அவ்வளவோடு நிறுத்திக்கொண்டார். அவர் மனைவியால் முடியவில்லை. “பீடத்தைப் பேத்த வீடுன்னு கயத்தாறுலயே சொன்னாவ. நாங்கதான் காதுல போட்டுக்கிடல. சாமியச் சோதிச்சா சும்மா விடுமா?”

கூடமே அப்பாவைப் பார்த்தது. அவர் இரண்டு கைகளையும் கூப்பினார். முகத்தில் கோபமோ வருத்தமோ இல்லை. பழகிய வேலைக்குத் தயாராகிறவரைப் போல இருந்தார்.

“ஆமாம்மா. எல்லாம் எம்மேலதான்...”

“இல்ல.”

உள் அறையிலிருந்து அம்மா வந்தாள். பட்டுச் சேலையின் முந்தானை தரையில் இழுபட்டது.

“அவிய மேல ஒரு பாவமும் இல்ல. எல்லாரும் கேட்டுக்கிடுங்க. அவிய பீடத்தத் தொடாட்டாலும் எம்பிள்ளை செத்துத்தான் இருப்பான். இது எம் வழியா வந்தது. எங்கம்மை வயித்துல இருந்து எனக்கு வந்து, எங்கிட்ட இருந்து எம்பிள்ளையளுக்குப் போயிருக்கு. எங்க அண்ணனையும் இதுதான் தின்னுச்சு.”

“இசக்கி, சும்மா இரு” என்றார் அப்பா.

“எத்தனை வருசமா ஏசி வஞ்சிருக்கேன் உங்கள! வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா?” அவள் அவருக்கு நேரே வந்து நின்றாள். “சோறு போடும்போதெல்லாம் வஞ்சேனே! நீங்க அதையும் தின்னுட்டு எந்திரிச்சுப் போவியளே!”

அப்பா அவளைத் தொடக் கை நீட்டினார். அவள் அந்தக் கை தன் மேல் படாமல் பின்னால் நகர்ந்து, சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தாள். இப்போதுதான் அழுகை வந்தது. அப்பா அவள் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தார். அவருக்கு ஏச்சு வாங்கத் தெரிந்த அளவு ஆறுதல் சொல்லத் தெரியாது.

மாப்பிள்ளை வீட்டார் சத்தமில்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டார்கள். செல்லத்துரை கடைசியாக இறங்கினான். வேனிலிருந்து அவன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவன் வாசற்படியில் தயங்கி, “மதினி, உங்க ஐதராபாத் ஆபீஸ் போன் நம்பர் என்ன?” என்று கேட்டான்.

பூங்கொடி சொன்னாள். அவன் வாய்க்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டு, செல்வி நின்ற பக்கம் திரும்பாமலே போய் வேனில் ஏறினான். எதற்காகக் கேட்டான் என்று யோசிக்க அவளுக்கு அவகாசம் இல்லை. கூடத்தில் ஒரு குரல் கிளம்பியிருந்தது.

“எங்கம்மை வயித்துல இருந்துன்னா என்னக்கா அர்த்தம்?”

அம்மாவின் தங்கை சத்தியபாமா. காலையிலிருந்து இந்த விசேஷத்துக்காகப் பம்பரமாகச் சுழன்றவள், கையில் காபி டம்ளர்களோடு நடுக்கூடத்தில் நின்றாள்.

“நானும் அந்த வயித்துலதான பொறந்தேன்? எனக்கும் ரெண்டு பொட்டப்பிள்ளை இருக்குல்லா? இத்தனை பேரு முன்னால எம்பிள்ளையளையும் சேத்து எழவு கூட்டிட்டியே, நீ நல்லா இருப்பியா!”

அம்மா அழுகையை நிறுத்தி அவளை வெறித்தாள். புருஷனின் பழியைத் துடைக்க வேண்டும் என்ற வேகத்தில் அது அவளுக்குத் தோன்றவேயில்லை. பூங்கொடிக்கு? அவளுக்கு எத்தனையோ வருஷமாகத் தெரியும். வம்சப் படம் வரைந்து, பெண்ணுக்கு வட்டமும் ஆணுக்குச் சதுரமும் போட்டு, சித்தியின் பிள்ளைகளுக்கு நேரே கேள்விக்குறியும் போட்டு வைத்திருக்கிறாள். அம்மாவுக்குத் தெரியக் கூடாது என்பதற்காக, சித்திக்கும் தெரியாமல் போயிற்று. சித்தியின் மூத்த மகள் சண்முகக்கனியின் கல்யாணத்துக்கு வந்து மொய் எழுதிச் சாப்பிட்டுவிட்டுத்தான் போனாள்.

கனி அடுக்களை வாசலில் நின்றாள். ஏழு மாசம். போன வாரம் போட்ட வளைகாப்பு வளையல்கள் இரண்டு முழங்கை வரைக்கும்.

“கனி, நீ உள்ள போ” என்றாள் சித்தி.

கனி போகவில்லை. வயிற்றைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்து பூங்கொடியிடம் வந்தாள். வளையல்களைக் கீழே ஒதுக்கிவிட்டு முழங்கையை நீட்டினாள்.

“எனக்கும் எடுத்துப் பாருக்கா.”

பூங்கொடி அந்தக் கையைப் பிடித்தாள். பச்சை நரம்பு தெளிவாகத் தெரிந்தது. எடுக்கலாம். ஐதராபாத்துக்குக் கொண்டுபோகலாம். முடிவு வருவதற்குள் எட்டு மாசம் தாண்டிவிடும். வந்த முடிவை வைத்துக்கொண்டு யாரும் எதையும் செய்ய முடியாது. ஊரெல்லாம் பேரெடுத்த அவளுடைய ஆய்வுக்கூடத்தால் இந்தப் பெண்ணுக்குக் கொடுக்க முடிந்தது இரண்டு மாசப் பயம் மட்டும்தான். எடுக்காமல் விட்டாலும் அந்தப் பயத்தை இனி யாராலும் திரும்ப வாங்கிக்கொள்ள முடியாது.

“எடுக்கணுமா, வேண்டாமா? நீயே சொல்லுக்கா. நீ என்ன சொன்னாலும் கேக்கேன்.”

பூங்கொடி பிடித்த கையை விடவில்லை.

திடீரென்று கனியின் முகம் மாறியது. பயமெல்லாம் எங்கோ போய், ஒரு நொடி தன்னை மறந்து சிரித்தாள். பூங்கொடியின் கையை இழுத்துத் தன் வயிற்றின் மேல் வைத்து அழுத்தினாள்.

“தெரியுதாக்கா? உதைக்கான். நாள் பூரா இந்தக் கூத்துதான். இப்படி உதைக்கானே, இவன் காலு பெலமாத்தானக்கா இருக்கும்?”